ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர் ஃபர்ம்வேர்: தயார் இமேஜ் போதுமா, சோர்ஸிலிருந்து கட்டத்தான் வேண்டுமா?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகளுக்கும் நகரத்துக்குள் இருக்கும் டியூட்டரி, கடைகளுக்கும் தேவை ஏறக்குறைய ஒன்றுதான். ஃபைபர் இணைப்பு ஓட வேண்டும், அது அறுந்தால் 4ஜி டொங்கிள் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும், விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை வேண்டும். ரவுட்டரோடு வரும் மென்பொருள் இதில் பாதியைக்கூடச் செய்யாது. அதனால் அதற்குப் பதிலாக ஏற்றக்கூடிய திறந்த மூல ஃபர்ம்வேரான (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) ஓப்பன்டபிள்யூஆர்டிக்கு மாறுகிறார்கள். 2004 இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் சோர்ஸை (மூல நிரலை) வைத்துத் தொடங்கிய திட்டம் இது. இன்று நூற்றுக்கணக்கான மாடல்களில் ஓடுகிறது.

இங்கே மதிப்பிடுவது அந்த ஃபர்ம்வேரை அல்ல, அது நம் கைக்கு வரும் வழிகளை. வழிகள் நான்கு: தளத்தில் கிடக்கும் தயார் இமேஜ் (ரவுட்டரில் அப்படியே ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு), அதே திட்டம் நடத்தும் இணையத் தயாரிப்புச் சேவை, நம் கணனியில் ஓடும் இமேஜ் பில்டர், முழுச் சோர்ஸிலிருந்து கட்டுவது. திருகோணமலையில் கிடைக்கும் டேட்டாப் பொதியையும் கரண்டையும் கணக்கில் எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டாவது வழிதான் சரி. சோர்ஸிலிருந்து கட்டினால்தான் ‘உண்மையான’ ஆள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்பி ஒரு மாத டேட்டாவைக் கரைக்க வேண்டாம்.

தயார் இமேஜ்

மாடல் பெயர் மட்டும் போதாது, ஹார்ட்வேர் பதிப்பையும் பார்க்க வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் ‘வி2’, ‘வி5’ என்று இருப்பதுதான் அது. ஒரே பெயரில் வரும் இரண்டு பதிப்புகளுக்குள் சிப்பே வேறாக இருக்கலாம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 வி2 இல் 16 மெகாபைட் ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் கிடக்கும் நினைவகம்). ஆர்ச்சர் சி6 வி2 இன் ஐரோப்பியப் பதிப்பில் 8 மட்டுமே. 4 மெகாபைட் ஃபிளாஷ், 32 மெகாபைட் ரேம் உள்ள பழைய பெட்டிகளுக்கு 19.07 தொடரோடு ஆதரவு முடிந்துவிட்டது. ‘மலிவாக இருக்கிறது’ என்று அவற்றை இப்போது வாங்குவது வீண்.

ஒவ்வொரு மாடலுக்கும் பொதுவாக இரண்டு கோப்புகள் இருக்கும். ‘ஃபேக்டரி’ என்பது நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து முதல் தடவை மாறுவதற்கு. ‘சிஸ்அப்கிரேட்’ என்பது ஏற்கனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருக்கும் பெட்டியைப் புதுப்பிக்க. மாற்றிப் போட்டால் பெரும்பாலும் ரவுட்டரே மறுத்துவிடும். இமேஜுக்குள் அது எந்தச் சாதனத்துக்கானது என்ற குறிப்பு இருப்பதால் சிஸ்அப்கிரேட் ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த மறுப்பை மீறுகிற ‘ஃபோர்ஸ்’ தெரிவைத் தொடவே வேண்டாம். பெட்டி எழும்பாமல் வெறும் செங்கல்லாகிற கதைகளில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கும்.

இறக்கியவுடன் ஷா256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், ‘ஹாஷ்’ என்பார்கள்) சரிபாருங்கள். அதே அடைவில் எண்களின் பட்டியலும், அந்தப் பட்டியலுக்குக் கையொப்பக் கோப்பும் இருக்கும். வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் இறக்கும்போது கோப்பு உடைந்ததா என்று தெரியும். கையொப்பத்தையும் பார்த்தால்தான் கோப்பு திட்டத்திடமிருந்தே வந்ததா என்று தெரியும்.

சில மெகாபைட் அளவுதான், கைத்தொலைபேசி டேட்டாவில்கூட இறக்கலாம். ஆனால் நம் ஊர்த் தேவைக்கு இந்த இமேஜ் சறுக்குகிற இடங்கள் மூன்று.

முதலாவது டொங்கிள். தயார் இமேஜில் 4ஜி டொங்கிளுக்கான யூஎஸ்பி நெட்வேர்க் டிரைவர்கள் பல மாடல்களில் கிடையாது. அவற்றை நிறுவ இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர அந்த டிரைவர் வேண்டும். ஃபைபர் உள்ள வீட்டில் இது பிரச்சினை இல்லை. டொங்கிள் மட்டுமே உள்ள இடத்தில், உதாரணமாக மூதூர், கிண்ணியாவின் ஃபைபர் எட்டாத பகுதிகளில், முதல் நாளே வேலை நின்றுவிடும்.

இரண்டாவது முகவரி மோதல். இந்த ஃபர்ம்வேரின் இயல்பான முகவரி 192.168.1.1. பல ஃபைபர் பெட்டிகளின் முகவரியும் அதுவே. இரண்டையும் கேபிளால் இணைத்தால் ரவுட்டருக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நெட்வேர்க்காகத் தெரியும், இணையம் வராது. ஃபர்ம்வேர் பழுது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஃபிளாஷ் செய்பவர்கள் உண்டு. ரவுட்டரின் உள்முகவரியை 192.168.10.1 என்று மாற்றினால் முடிந்தது. இயல்பாக வைஃபையும் அணைத்தே இருக்கும் என்பதால் முதல் தடவை கேபிள் கட்டாயம். லேன் போர்ட் இல்லாத மடிக்கணனி என்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்றை முதலே எடுத்து வையுங்கள்.

மூன்றாவது ஃபிளாஷில் இடப் பற்றாக்குறை. இமேஜோடு வரும் பேக்கேஜ்கள் (தனித்தனி மென்பொருள் துண்டுகள்) ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதிக்குள் இறுக்கிச் சுருக்கப்பட்டு, படிக்க மட்டும் என்று இருக்கும். பின்னால் நீங்கள் நிறுவுகிறவை மிச்சமிருக்கும் சின்ன எழுதும் பகுதிக்குப் போகும். உள்ளே இருக்கும் ஒன்றை ‘நீக்கினால்’ அது மறைக்கப்படுமே தவிர, ஒரு கிலோபைட்டும் திரும்பக் கிடைக்காது. இருக்கும் பேக்கேஜை புதுப்பித்தால் பழையது கீழே, புதியது மேலே என்று இரட்டிப்பு இடம் போகும். 8 மெகாபைட் பெட்டியில் எல்லாப் பேக்கேஜையும் மொத்தமாகப் புதுப்பிப்பது ரவுட்டரை நிரப்பி முடக்கும் நேர்வழி.

இன்னொரு சிறு விடயம்: ‘ஸ்னாப்ஷாட்’ என்று கிடப்பதை எடுக்க வேண்டாம். அதில் லூசி எனப்படும் இணையப் பக்க அமைப்பு இல்லை. தினமும் புதிதாகக் கட்டப்படுவதால் இன்று ஏற்றிய இமேஜுக்கு அடுத்த வாரம் பொருந்தும் கெர்னல் மொட்யூல் (இயங்குதளத்தின் மையமான கெர்னலில் சேரும் டிரைவர் போன்ற துண்டு) கிடைக்காமல் போகும். 24.10 போன்ற வெளியீட்டுத் தொடரிலேயே நில்லுங்கள்.

இணையத் தயாரிப்புச் சேவை

ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் மாடலைத் தேடி எடுத்தால், தயார் இமேஜ்களுக்குக் கீழே பேக்கேஜ் பட்டியலையும் முதல் தொடக்க ஸ்கிரிப்டையும் (ரவுட்டர் முதல் தடவை எழும்பும்போது ஓடும் கட்டளைகள்) மாற்றும் பகுதி இருக்கும். மேலே சொன்ன மூன்று சறுக்கலையும் இது ஒன்றாகத் தீர்க்கிறது. மிளகாயும் மல்லியும் நாம் வறுத்துக் கொடுக்க ஆலையில் அரைத்துத் தருவது போன்ற ஏற்பாடு: கம்பைல் செய்த பேக்கேஜ்கள் அவர்களிடம் தயாராக உள்ளன, எவை வேண்டும் என்பது மட்டும் நம் பட்டியல். சில நிமிடத்தில் இமேஜ் வந்துவிடும்.

டொங்கிள் உள்ள விடுதி ரவுட்டருக்குச் சேர்க்க வேண்டியவை இவை. ஹைலிங்க் வகை (தானே ஒரு சின்ன ரவுட்டர் போல நடக்கும்) டொங்கிளுக்கு கேமொட்-யூஎஸ்பி-நெட்-சிடிசி-ஈதர். கைத்தொலைபேசியை யூஎஸ்பி டெதரிங்கில் போட கேமொட்-யூஎஸ்பி-நெட்-ஆர்என்டிஐஎஸ். செருகியதும் டிஸ்க் போல நடிக்கும் டொங்கிள்களுக்கு யூஎஸ்பி-மோட்சுவிட்ச். இரண்டு இணைப்புக்கு இடையே தானாக மாற எம்வான்3-உம் அதன் லூசிப் பக்கமும். ஒரு ஆள் வீடியோ ஏற்றும்போது மற்றவர்களின் அழைப்பு திக்கித் திணறாமல் இருக்க லூசி-ஆப்-எஸ்கியூஎம்.

தோட்டத்தின் மறுகோடிக்கு மெஷ் (பெட்டிகள் வைஃபையாலேயே ஒன்றோடொன்று இணைவது) போடுவதென்றால், வைஃபை பாதுகாப்பைக் கவனிக்க இயல்பாக வரும் டபிள்யூபேட்-பேசிக்-எம்பெட்டிஎல்எஸ் போதாது, டபிள்யூபேட்-மெஷ்-எம்பெட்டிஎல்எஸ் வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதை எடுக்க மறந்தால் இரண்டும் ஒரே கோப்பை வைக்கப் பார்த்து முட்டிக்கொள்ளும், இமேஜ் உருவாகாது. பழையதன் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள். கட்டளையில் கொடுப்பதானால் அதன் முன்னால் கழித்தல் குறி போட வேண்டும்.

முதல் தொடக்க ஸ்கிரிப்டில் உள்முகவரி மாற்றம், நேர வலயம், வைஃபை நாட்டுக் குறியீடாக ‘எல்கே’ ஆகியவற்றை எழுதலாம். கடவுச்சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அந்த ஸ்கிரிப்ட் வெளிச் சேர்வர் ஒன்றுக்குப் போகிறது, அதை உள்ளடக்கிய இமேஜும் அங்கேயேதான் உருவாகிறது. கடவுச்சொல்லை ரவுட்டர் எழும்பிய பிறகு கேபிள் வழியாகப் போடுங்கள்.

குறை சொல்ல இந்தச் சேவையில் ஒரு பெரிய விடயம் உண்டு. 2024 டிசம்பரில் இதில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளியானது. பதிவு எண் சிவிஇ-2024-54143. கேட்கப்பட்ட இமேஜை அடையாளம் காண ஷா256 எண்ணின் முதல் 12 எழுத்துகளை மட்டும் சேவை பாவித்தது. அதே 12 எழுத்து வரும் வேறொரு கோரிக்கையைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்றைய கணனிக்குச் சாத்தியமே. கூடவே, பேக்கேஜ் பெயர்கள் வழியாகக் கட்டளை நுழைக்கும் ஓட்டையும் இருந்தது. இரண்டையும் சேர்த்தால், நல்ல இமேஜ் கேட்பவருக்கு நஞ்சு கலந்ததைக் கொடுத்திருக்கலாம். திட்டக்காரர்கள் சேவையை உடனே நிறுத்திச் சில மணித்தியாலத்தில் திருத்தி, விடயத்தை வெளிப்படையாக அறிவித்து, சேவையைப் பாவித்தவர்கள் அதே பதிப்பை மீண்டும் ஏற்றிக்கொள்ளும்படி சொன்னார்கள். பொதுத் தளத்தில் கிடந்த தயார் இமேஜ்களுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. ஓட்டை இருந்தது மோசம். அதைக் கையாண்ட விதத்தை எந்த ரவுட்டர் நிறுவனமும் பார்த்துப் படிக்கலாம்.

இமேஜ் பில்டர்

அதே வேலையை நம் கணனியில் செய்யும் கருவி. 64 பிட் லினக்ஸ் வேண்டும். சில நூறு மெகாபைட்டை ஒரு தடவை இறக்க வேண்டும்; 24.10 இல் பொதி இசட்ஸ்டாண்டர்ட் முறையில் சுருக்கப்பட்டிருப்பதால் அதை விரிக்கும் கருவியும் கணனியில் இருக்க வேண்டும். ‘மேக் இன்ஃபோ’ கொடுத்தால் சாதனங்களின் சரியான பெயர்கள் வரும். பிறகு ‘மேக் இமேஜ்’ கட்டளையோடு ப்ரொஃபைல், பேக்கேஜஸ், ஃபைல்ஸ் என்ற மூன்றையும் கொடுத்தால் போதும். ஃபைல்ஸ் என்பது நம் அமைப்புக் கோப்புகள் உள்ள அடைவு. எதுவும் வெளியே போகாததால் கடவுச்சொல்லையும் அதில் வைக்கலாம். ஒரே மாதிரி ஐந்தாறு அக்சஸ் பொயின்ட் வைத்திருக்கும் விடுதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஒரு பொறி மட்டும். இமேஜ் ஃபிளாஷின் அளவைத் தாண்டினால் கருவி பிழை என்று நிற்காது. நீண்ட எழுத்துகளுக்கு நடுவே ‘மிகப் பெரியது’ என்று ஒரு எச்சரிக்கை ஓடிப்போகும், வேலை முடிந்ததாகத் தெரியும், ஆனால் இமேஜ் வந்து சேர வேண்டிய ‘பின்’ என்ற பெயருள்ள அடைவில் கோப்பு இருக்காது. ஒவ்வொரு பேக்கேஜாகக் குறைத்துப் பாருங்கள்.

முழுச் சோர்ஸ்

இதற்கு உரிய காரணங்கள் குறைவு, ஆனால் இருக்கும்போது வேறு வழியே இல்லை. ஆதரவுப் பட்டியலில் இல்லாத ரவுட்டருக்குப் புதிதாகச் சாதன விவரம் எழுதுவது, இன்னும் சேர்க்கப்படாத டிரைவர் திருத்தம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது, கெர்னல் தெரிவை மாற்றுவது, 8 மெகாபைட் பெட்டிக்குள் அடங்க அடிப்படைப் பகுதிகளையே செதுக்குவது. உங்கள் தேவை இவற்றில் ஒன்றல்ல என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

15 ஜிகாபைட் காலி இடம், 4 ஜிகாபைட்டாவது ரேம், எழுத்தின் பெரிய சிறிய வடிவத்தைப் பிரித்தறியும் ஃபைல் சிஸ்டம் ஆகியவை தேவை. அடைவின் பாதையில் இடைவெளி இருக்கக் கூடாது. ரூட் பயனராக இருந்து கட்டக் கூடாது. விண்டோசுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் செய்பவர்கள், கட்டளைகளைத் தேடும் அடைவுப் பட்டியலான பாத் மாறியில் விண்டோஸ் அடைவுகள் ஒட்டிக்கொண்டு வருவதை முதலில் நீக்க வேண்டும். ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் இருக்கும் அந்த ஒரு இடைவெளி போதும், வேலை பாதியில் கவிழ.

சோர்ஸின் பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட் மூலம் சோர்ஸை எடுத்து, வெளியீட்டு டேக்குக்கு (ஒரு வெளியீட்டைக் குறிக்கும் அடையாளம்) மாறுங்கள். மாறிக்கொண்டே இருக்கும் மெயின் கிளையில் கட்ட வேண்டாம். மேலதிக பேக்கேஜ்களின் விவரத்தைக் கொண்டுவரும் ஃபீட்ஸ் ஸ்கிரிப்டைப் புதுப்பி, நிறுவு என்று இரண்டு தடவை ஓட்டுங்கள். ‘மேக் மெனுகான்ஃபிக்’ இல் டார்கெட் (சிப் குடும்பம்), சப்டார்கெட் (அதன் உட்பிரிவு), சாதனம் என்ற வரிசையிலேயே தெரிவு செய்யுங்கள். பேக்கேஜ் முன்னால் ‘ஒய்’ என்றால் இமேஜுக்குள் போகும்; ‘எம்’ என்றால் தனிக் கோப்பாக மட்டும் கட்டப்படும். லூசியை ‘எம்’ என்று விட்டுவிட்டு, ரவுட்டர் எழும்பியும் பக்கம் திறக்கவில்லையே என்று தலையைப் பிய்ப்பது புதியவர்களின் வழக்கம்.

பிறகு நேராகக் கட்டத் தொடங்காமல் ‘மேக் டவுன்லோட்’ ஐத் தனியாக ஓட்டுங்கள். கம்பைலர், கெர்னல், பேக்கேஜ்களின் சோர்ஸ் எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு ஜிகாபைட் வரும். இரவு டேட்டா உள்ள பொதி என்றால் இதை அந்த நேரத்துக்கு விடலாம். எல்லாம் ‘டிஎல்’ அடைவில் சேரும். அந்த அடைவைச் சோர்ஸ் மரத்துக்கு வெளியே வைத்து இணைப்புக் கொடுத்துவிடுங்கள். ‘மேக் கிளீன்’, ‘மேக் டேர்கிளீன்’ இரண்டும் அதைத் தொடாது. மரத்துக்குள்ளேயே இருந்தால் ‘மேக் டிஸ்ட்கிளீன்’ அதையும் வழித்துவிடும். அடுத்த கட்டலில் அத்தனையையும் மறுபடி இறக்க வேண்டி வரும்.

முதல் தடவை கம்பைலரையே கட்டிய பிறகுதான் மற்றவை என்பதால் பழைய நான்கு கோர் மடிக்கணனியில் சில மணித்தியாலம் போகும். கரண்ட் போனால் பெரிய நட்டம் இல்லை, திரும்பத் தொடங்கினால் முடிந்த பேக்கேஜ்களைத் தாண்டிச் செல்லும். பாதியில் இருந்தது மட்டும் பிழை காட்டினால் அதைத் தனியாகக் கிளீன் செய்யுங்கள். பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது திரையின் கடைசி வரியில் உண்மையான பிழை தெரியாது. ஒற்றை வேலையாக, முழு விவரத்தையும் காட்டும் ‘வி=எஸ்’ போட்டு மறுபடி ஓட்டினால்தான் எந்தக் கோப்பில் விழுந்தது என்று புரியும். ரேம் போதாமல் கம்பைலர் கொல்லப்படுவது இன்னொரு வழக்கமான காரணம். வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகும்.

எல்லாம் நன்றாக முடிந்து ரவுட்டரும் எழும்பிய பிறகு வருவதுதான் பெரிய ஏமாற்றம். பொதுத் தளத்திலிருந்து ஒரு கெர்னல் மொட்யூலை நிறுவப் போனால் கெர்னல் பதிப்புப் பொருந்தவில்லை என்று மறுக்கும். பதிப்பு எண் 6.6 என்று இரண்டிலும் ஒன்றாகவே தெரியலாம். ஆனால் கெர்னல் தெரிவுகளிலிருந்து கணக்கிட்ட ஒரு ஹாஷும் எண்ணோடு ஒட்டியிருக்கும். நீங்கள் ஒரு தெரிவை மாற்றினாலும் அது மாறும். அதிகாரபூர்வ ஹாஷைப் பெற, வெளியீட்டு அடைவில் உள்ள ‘கான்ஃபிக்.பில்ட்இன்ஃபோ’ கோப்பை வைத்துக் கட்டலாம். அது அந்த டார்கெட்டின் எல்லாச் சாதனங்களுக்கும் எல்லா மொட்யூல்களுக்குமான பட்டியல் என்பதால் நேரமும் இடமும் பல மடங்காகும். எளிய வழி, தேவைப்படக்கூடிய மொட்யூல்களை எல்லாம் முதலிலேயே ‘ஒய்’ கொடுத்து இமேஜுக்குள் போட்டுவிடுவது.

பாதுகாப்புக்காக மட்டும் சோர்ஸிலிருந்து கட்டுகிறேன் என்பவர்களுக்கு 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரத்தை நினைவுபடுத்த வேண்டும். 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுப் பொதியில் நஞ்சைத் தூண்டும் கட்டமைப்பு ஸ்கிரிப்ட் இருந்தது. கிட் களஞ்சியத்தில் அந்த ஸ்கிரிப்ட் இல்லை. அந்தப் பொதியை எடுத்து 64 பிட் இன்டெல்/ஏஎம்டி லினக்ஸில் டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகத் தாமே கட்டியவர்கள் நஞ்சையும் சேர்த்தே கட்டியிருப்பார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி இறக்கும் ஒவ்வொரு பொதியையும் ஹாஷ் பார்த்தே ஏற்கிறது. பராமரிப்பாளர் எடுத்த அதே பொதிதான் நமக்கும் வந்தது என்பதற்கு அது சாட்சி. பொதி சுத்தமானது என்பதற்கு அல்ல.

யாரோ கட்டித் தரும் இமேஜ்

மேலுள்ள நான்கையும் விட ஊரில் அதிகம் புழங்குவது ஐந்தாவது வகை: கடையில் ஏற்றித் தருவது, குழுக்களில் பகிரப்படுவது. ‘வேகம் கூடும்’, ‘லொக் உடையும்’ என்ற பெயரில் வரும். இவற்றில் நல்லவையும் உண்டு. பிரித்தறிய மூன்றைக் கேளுங்கள்: சோர்ஸின் எந்தக் கமிட்டிலிருந்து (கிட் பதிவிலிருந்து) கட்டியது, கான்ஃபிக் கோப்பு எங்கே, மேலதிகமாகப் போட்ட திருத்தங்கள் எவை. அதிகாரபூர்வ இமேஜ் ஒவ்வொன்றோடும் பில்ட்இன்ஃபோ கோப்புகளாக இந்த விவரம் கிடைக்கிறது. தயார் இமேஜை நம்பலாம் என்று சொல்வதற்கு அடிப்படையே அதுதான், வேண்டுமானால் எவரும் மறுபடி கட்டி ஒப்பிடலாம். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் இருப்பதால், பைனரி (கட்டி முடித்த கோப்பு) தருபவர் சோர்ஸையும் தரக் கடமைப்பட்டவர். ‘அதெல்லாம் எதுக்கு தம்பி’ என்று பதில் வந்தால் ரவுட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் வீட்டு இணையப் போக்குவரத்து முழுதும் அந்தப் பெட்டிக்குள்ளால்தான் போகிறது.

ரவுட்டர் தவிர்ந்த ஃபர்ம்வேர்களில் விடை மாறும். ஸ்மார்ட் பிளக் போன்றவற்றில் ஓடும் டாஸ்மோட்டாவுக்குத் தயார் பைனரி தாராளம். கட்டத் தேவையே இல்லை. முப்பரிமாண அச்சுப்பொறியின் மார்லினைத் திட்டக்காரர்கள் சோர்ஸாகவே தருகிறார்கள், அது நியாயம்: போர்ட், மோட்டார் டிரைவர், வெப்ப உணரி வகை எல்லாம் கான்ஃபிகரேஷன் கோப்பில் எழுதிக் கட்டப்படுபவை. வேறு இயந்திரத்துக்குக் கட்டிய பைனரியில் உணரி வகை மாறியிருந்தால் சூட்டைத் தவறாகப் படிக்கும், முனை எரியும். கணனியின் பயோசுக்குப் பதிலாக ஏற்றும் கோர்பூட்டில் சிக்கல் வேறு. பல இன்டெல் கணனிகளில் எம்ஈ என்ற மூடிய பகுதி இல்லாவிட்டால் 30 நிமிடத்தில் கணனி தானே அணைந்துவிடும். கோர்பூட்டை வைத்து உருவாகும் லிப்ரிபூட்டின் தயார் ரொம்களிலிருந்து (இமேஜ் கோப்புகளிலிருந்து) இத்தகைய நிறுவனக் கோப்புகள் அகற்றப்பட்டிருக்கும். அதன் ‘இன்ஜெக்ட்’ கட்டளையால் அவற்றைச் சேர்க்காமல் நேரே எழுதினால் திரை கறுப்புத்தான்.

ஏற்றும் நேரம்

எந்த வழியில் வந்த இமேஜானாலும் ஃபிளாஷில் எழுதும் இரண்டு மூன்று நிமிடம் கரண்ட் நிற்கக் கூடாது. ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். வோல்டேஜும் செருகும் பின்னின் நேர், எதிர் முனைவும் ரவுட்டர் அடாப்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் செருகுங்கள். மாரி மழைக் காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

அப்படியும் எழும்பாவிட்டால் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 போன்றவற்றுக்கு டிஎஃப்டிபி (கேபிள் வழியாகக் கோப்பை அனுப்பும் எளிய முறை) மீட்பு உண்டு. கணனிக்கு 192.168.0.66 என்று நிலையான முகவரி கொடுத்து, டிஎஃப்டிபி சேர்வரில் அந்த மாடலுக்குரிய பெயரில் மீட்புக் கோப்பை வைத்து, ரீசெட் பொத்தானை அழுத்தியபடி ரவுட்டரை ஒன் செய்ய வேண்டும். கோப்பின் பெயர் மாடலுக்கு மாடல் மாறும், ஒரு எழுத்துப் பிசகினாலும் எடுக்காது. விண்டோசின் ஃபயர்வோல் டிஎஃப்டிபியைத் தடுக்கும், அந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால், ரவுட்டர் கோப்பைக் கேட்கும் அந்தச் சில நொடிக்குள் கணனியின் லேன் போர்ட் விழித்திருக்காது. இரண்டுக்கும் நடுவே சாதாரண ஸ்விட்ச் ஒன்றைப் போட்டு மறுபடி செய்தால் பெரும்பாலும் எடுத்துவிடும்.